நிலுவை வழக்குகளோடு போன கொழுந்துச் சாக்கு

சென்ற மாதம் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் நான் வேலை பார்த்த நீதிமன்றத்தின் பதிவறையில் இப்போது இருக்கும் எழுதுவினைஞர். நீதிமன்ற எல்லையை மறுபடியும் பிரிக்கப் போகிறார்களாம். முடியாமல் கிடக்கும் வழக்குகளில் பாதி வேறு ஊருக்குப் போக வேண்டுமாம்.

"அண்ணே, போன தடவை பிரிச்சப்ப நீங்கதானே எல்லாத்தையும் லொறியில ஏத்துனீங்க? எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

ஏற்றியது நான்தான். ஆனால் எப்படிச் செய்தோம் என்பதைத் தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சொன்னால் அவர் அதேபோலச் செய்துவிடவும் கூடும். அதனால் எழுதுகிறேன். எந்த ஊர் நீதிமன்றம் என்று மட்டும் எழுதப் போவதில்லை. ஓய்வூதியம் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது. அது பாட்டுக்கு வரட்டும்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் டவுனுக்கு நடக்க வேண்டும். நடந்துதான் ஆக வேண்டும் என்றால் வேறு எங்காவது நடக்கலாமே என்று தோன்றியது. நுவரெலியா மரக்கறி லொறி ஒன்றில் கிளீனராக ஏறினேன். கோவா மூட்டைகளின் மேல் படுத்துக் கொழும்புக்குப் போவேன். வெறும் சாக்குகளின் மேல் படுத்துத் திரும்புவேன். பிறகு கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். ஹட்டனில் ஒரு பேக்கரியில் அடுப்புக்கு விறகு தள்ளினேன். கொத்மலையில் அணை கட்டியபோது கல் சுமந்தேன். நான் கை வைத்த காரியங்களில் இன்னும் விழாமல் நிற்பது அது ஒன்றுதான்.

நீதிமன்றத்துக்கு நான் வேலை கேட்டு வரவில்லை. லொறி கவிழ்ந்த ஒரு வழக்கில் சாட்சியாக வந்தேன். தவணை, மறு தவணை என்று அது ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. வெளியே குந்திக்கொண்டிருந்தவனை ஒரு நாள் அலமாரி தூக்கக் கூப்பிட்டார்கள். அடுத்த தவணைக்கு மேசை நகர்த்த. அதற்கடுத்த தவணைக்குக் கூரை ஒழுக்கை அடைக்க. வழக்கு முடிவதற்குள் எனக்கு அங்கேயே வேலை கிடைத்துவிட்டது. லொறி வழக்கு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை நல்ல தீர்ப்புதான்.

என் பதவிக்குப் பெயர் கே.கே.எஸ்., அதாவது அலுவலக எடுபிடி. தேநீர் வாங்குவது, வழக்கேடுகளை நீதவானின் மேசைக்கு எடுத்துப்போவது, திரும்ப அடுக்குவது, சான்றுப் பொருள் அறையைப் பெருக்குவது எல்லாம் அதில் அடங்கும். பெயர் கூப்பிடுபவர் தமிழ்ப் பெயர்களைச் சரியாகச் சொல்லாத நாட்களில் வாசலில் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் என் தலையில் விழும்.

எங்கள் பதிவாளர் நவரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர். மலைக்குளிருக்கு இரண்டு சுவெட்டர் போடுவார். இரண்டின் பொத்தான்களையும் கழுத்து வரை பூட்டியிருப்பார். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், கையில் இருக்கும் தாளைத்தான் பார்ப்பார். தாளில் இல்லாத ஒன்றைப் பற்றி நீங்கள் பேசினால், பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "அது இதில இல்லையே" என்பார். கோபமே வராது. அவரோடு வேலை பார்த்த இருபது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஓய்வுபெற அவருக்கு ஏழெட்டு மாதம் இருந்தபோதுதான் நீதிமன்றத்தை இரண்டாகப் பிரிக்கும் உத்தரவு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் வழக்குகள் எல்லாம் புதிய நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

எப்படி மாற்றுவது என்று உத்தரவில் எழுதியிருக்கவில்லை. நவரத்தினம் ஐயா கவலைப்படவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து தோல் அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகத்தை என்னை ஏணியில் ஏற்றி இறக்கச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்துச் சுற்றறிக்கைகளைச் சேர்த்துக் கட்டியது அது. மலைப்பக்கத்து நீதிமன்றங்களை அவர்கள் கலைத்து அடுக்கியபோது நிலுவை வழக்குகளை எப்படி இடம் மாற்ற வேண்டும் என்று அதில் நான்கு பக்கம் இருந்தது.

"இதை ஆரும் ரத்துச் செய்யேல்லை கோபால். அப்ப இது இருக்கு," என்றார்.

அந்த நான்கு பக்கத்தையும் அவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். ஒவ்வொரு வழக்குக்கும் பட்டியலில் நான்கு கட்டங்கள். வழக்கேட்டில் எத்தனை தாள், அடுத்த தவணை எப்போது, சான்றுப் பொருள் என்ன, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், எங்கே. நான்கும் நேருக்கு நேர் பார்த்துச் சரியென்றால்தான் வழக்கு வண்டி ஏறலாம். ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த வழக்கைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வண்டி என்றால் மாட்டுவண்டி. அதற்குக் கூடாரம் போட வேண்டும். வண்டிக்குப் பின்னால் இரண்டு சேவகர்கள் நடந்து போக வேண்டும்.

"லொறிதானே சேர் போகுது?"

"லொறிக்குப் பின்னால நடக்கக் கூடாதெண்டு இதில இல்லையே."

முதல் லொறி புறப்பட்ட காலையில் நானும் காவலாளி பியசேனவும் அதன் பின்னால் நடந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நவரத்தினம் ஐயா வாசலில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே வந்த மூன்று பேர் தொப்பியைக் கழற்றினார்கள்; சவ ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள். முதல் வளைவு தாண்டி ஐயாவின் குடை மறைந்ததும் ஓட்டுநர் நிறுத்தினார். ஏறிக்கொண்டோம். அதன் பின் போன எல்லா லொறிகளுக்கும் அதே வளைவுதான் எங்கள் தரிப்பிடம்.

நிலுவை வழக்குகளைத் தோண்டத் தோண்ட அடியில் ஒரு கட்டு அகப்பட்டது. கறையான் தின்றது போக மிஞ்சியிருந்த தாள்கள். துண்டு இல்லாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை விட்டு ஓடிய ஒரு தொழிலாளி மேல் துரை போட்ட வழக்கு. அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு வேண்டும். இல்லாமல் போனால் குற்றம். ஆளைப் பிடிக்கப் பிடியாணை போயிருக்கிறது. பிடிக்கவில்லை. பிறகு சட்டமே ஒழிந்தது. துரைமார் கப்பலேறினார்கள். ஆனால் வழக்கை யாரும் முடிக்கவில்லை.

"முடியாத வழக்கெண்டால் நிலுவைதான்," என்றார் நவரத்தினம் ஐயா. எதிரி வந்திருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னார். நான் வாசலுக்குப் போய், கூடியிருந்த சனத்துக்கு முன்னால் கூப்பிட்டேன்.

"கருப்பன் மகன் சடையன்! கருப்பன் மகன் சடையன்! கருப்பன் மகன் சடையன்!"

கூட்டத்தில் ஒரு கிழவர், "என்ன கேசுங்க?" என்று கேட்டார்.

"தோட்டத்தை விட்டு ஓடுன கேசு."

"எப்ப ஓடுனாரு?"

"எண்பது வருசத்துக்கு மேல இருக்கும்."

"அப்ப வந்திருவாரு, இருங்க," என்றார் கிழவர். வாசலே சிரித்தது.

சடையனின் வழக்கில் தாள் பதினொன்று, அடுத்த தவணை ஆள் பிடிபடும்போது, சான்றுப் பொருள் இல்லை, எதிரி தலைமறைவு. நான்கு கட்டமும் நிறைந்தன. முதல் லொறியிலேயே ஏறியது. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அதே வாரத்தில் உயிரோடு இருந்த ஒருவனின் வழக்கு லொறி ஏறாமல் நின்றது.

அவன் பெயர் லெட்சுமணன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன். தோட்டத்துத் தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போனான் என்று கணக்கப்பிள்ளை பிடித்துக் கொடுத்திருந்தார். எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பிணை முதல் மாதமே கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். சொந்த விலாசமில்லாத லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு அந்தச் சான்றிதழ் வாங்குவது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவன் மனைவி புஷ்பம் மூன்று மாதம் அலைந்து இரண்டு பேரையும் இரண்டு சான்றிதழையும் சேர்த்துக்கொண்டு வந்தபோது, எங்கள் நீதிமன்றத்துக்கு அந்தத் தோட்டத்தின் மேல் அதிகாரம் போய் நான்கு நாள் ஆகியிருந்தது.

"புதுக் கோர்ட்டுக்குப் போங்க," என்றோம். போனாள். அங்கே வழக்கேடு வரவில்லை என்றார்கள். திரும்பி வந்தாள். வழக்கேடு இங்கேதான் இருக்கிறது, ஆனால் எங்களுடையது இல்லை என்றோம். பதினான்கு நாளுக்கு ஒரு முறை சிறைச்சாலை பஸ் லெட்சுமணனைப் பழைய நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும். அங்கிருந்து புதிய நீதிமன்றத்துக்கு அனுப்புவோம். அவர்கள் வழக்கேடு இல்லையென்று மறுபடி உள்ளே அனுப்புவார்கள். இரண்டு நீதிமன்றங்களுக்கும் அந்த நாட்களில் ஒத்துப்போன ஒரே விஷயம், அடுத்த தவணை வரை அவன் உள்ளே இருக்கட்டும் என்பதுதான்.

வழக்கு லொறி ஏறாததற்குக் காரணம் மூன்றாவது கட்டம். சான்றுப் பொருள்: பச்சைக் கொழுந்து, பதினெட்டு கிலோ, சாக்கு ஒன்று. சான்றுப் பொருள் அறையில் அந்தச் சாக்கு இல்லை.

இல்லாததற்குக் காரணம் நான். கொழுந்து வந்த மூன்றாம் நாளே வெந்து கறுத்து நாறத் தொடங்கியது. ஐந்தாம் நாள் சாக்கின் அடியிலிருந்து தண்ணீர் ஓடிப் பக்கத்தில் இருந்த கசிப்புச் சாராயக் கலனை நனைத்தது. ஆறாம் நாள் நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்புறம் நீதவானின் ரோசாச் செடிகளுக்கு அடியில் கொட்டிவிட்டேன். சாக்கு இற்றுப் போயிருந்தது, அதையும் எறிந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அழுகிய இலையைக் கொட்ட நீதவானின் உத்தரவு வேண்டும் என்று என் எட்டாம் வகுப்பு மூளைக்கு எட்டவில்லை. அந்த வருடம் ரோசா நன்றாகப் பூத்தது. நீதவான் என்னைப் பாராட்டவும் செய்தார்.

புஷ்பம் மூன்றாவது தடவை வந்தபோது ஒரு கடிதம் கொண்டுவந்தாள். தோட்டத்திலிருந்து வந்தது. லெட்சுமணன் அனுமதியில்லாமல் வேலைக்கு வராமல் இருப்பதாகவும், வரும் மாதம் முதலாம் திகதி காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்காவிட்டால் பதிவிலிருந்து பேர் வெட்டப்படும் என்றும், அவன் பேரில் இருக்கும் லயத்துக் காம்பராவை விட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. புஷ்பம் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவள். பதிவில் அவள் பேர் இல்லை. அவன் பேர் போனால் வீடும் போகும்.

"இவங்களே புடிச்சுக் குடுத்துட்டு, இவங்களே ஏன் வேலைக்கு வரலைன்னு கேக்குறாங்க பாருங்கண்ணே," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அழுபவர்களுக்குச் சொல்ல எங்களிடம் வழக்கமான வார்த்தைகள் இருந்தன. முதலாம் திகதிக்குப் பத்து நாள் இருந்தது.

நான் நவரத்தினம் ஐயாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று போனேன்.

"சேர், அந்தக் கொழுந்துச் சாக்கு..."

"கோபால்," என்றார், தாளைப் பார்த்தபடியே. "நீர் இப்ப சொல்லப்போறது எனக்குத் தேவையோ எண்டு முதல்ல யோசியும். ஒரு சான்றுப் பொருளைக் காணேல்லை எண்டு எனக்கு ஆரும் சொன்னால் நான் எழுத்தில வாங்க வேணும். எழுத்தில வந்தால் விசாரணை. விசாரணை எண்டால் அந்த வழக்கேடு அதுக்குச் சான்று. சான்றாப் போன வழக்கேடு விசாரணை முடியும்வரை எங்கையும் போகாது. அப்பிடி ஒரு விசாரணை எங்கட கந்தோரில ஆறு வருசமாக் கிடக்கு. காணாமப் போனது ஒரு சைக்கிள்."

"அப்ப அந்த ஆளு?"

"ஆளைப் பற்றி நான்காவது கட்டம். நான் இப்ப மூன்றாவதில நிக்கிறன்." தாளைத் திருப்பினார். "பட்டியலில பச்சைக் கொழுந்து எண்டு கிடக்கு. பதினெட்டு கிலோ எண்டு கிடக்கு. எந்த மரத்தில புடுங்கினது எண்டு இதில இல்லை."

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் புரிவதற்கு நான் தேநீர்க் கடை வரை நடக்க வேண்டியிருந்தது. அவர் அதைத்தான் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது.

புஷ்பத்தை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ரோசாச் செடிகளுக்கு அடியில் கொட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொழுந்து திருடுனதுக்கு உள்ள போட்டீங்க. வெளிய வாறதுக்கு இன்னொரு தடவை திருடச் சொல்றீங்களா?"

"திருடச் சொல்லலம்மா. கொண்டாரச் சொல்றேன்."

"எங்க வீட்டு முத்தத்துலயா காய்க்குது?"

"பதினெட்டு கிலோ. பச்சையா இருக்கணும். சாக்கு ஒண்ணு."

"ரோசாவுக்காச்சும் போச்சே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை புஷ்பமும் அவளோடு கொழுந்து எடுக்கும் இரண்டு பெண்களும் ஓர் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். சாக்கு வாய் தைத்திருந்தது. எங்கே எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. சொந்தக்காரர் ஒருவருக்குக் கொத்மலைப் பக்கம் சின்னத் துண்டு நிலம் இருப்பதாகப் புஷ்பம் தானாகவே சொன்னாள். நான் தலையாட்டினேன். பின்வாசல் வழியாகச் சாக்கைச் சான்றுப் பொருள் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். பிறகு முன்வாசல் வழியாகப் போய், "சேர், அந்தச் சாக்கு பின்னால மறைஞ்சு கெடந்துச்சு," என்றேன்.

நவரத்தினம் ஐயா எழுந்து வந்தார். தையல் இடைவெளியில் ஒரு விரலை விட்டு ஒரு கொழுந்தை உருவினார். ஐந்து மாதம் பூட்டிய அறையில் கிடந்த கொழுந்து அவர் விரலில் பச்சைச் சாறு விட்டது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"அரசாங்கச் சாமானை நல்லா வைச்சிருக்கிறீர் கோபால்," என்றார். மூன்றாவது கட்டத்தில் சரி போட்டார். சாக்குக்கு அரக்கு வைத்து முத்திரை குத்தினார்.

அன்று அந்த ஒரு வழக்குக்காகவே லொறி போனது. நானும் பியசேனவும் வளைவு வரை நடந்தோம். பெண்கள் மூவரும் பிணைக்காரர்கள் இருவரும் பஸ்ஸில் பின்னால் வந்தார்கள். நவரத்தினம் ஐயாவும் முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வளைவில் லொறி நின்று நாங்கள் ஏறியபோது அவர் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய நீதிமன்றத்தின் பதிவாளர் நிலூக்கா மிஸ். சிங்களப் பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வேலையில் அவ்வளவு கவனம். எங்களிடமிருந்து போன ஒவ்வொரு கட்டையும் எண்ணித்தான் எடுத்தார். அவரிடம் புத்தம் புது மின் தராசு ஒன்று இருந்தது. சாக்கைத் தூக்கி அதன் மேல் வைத்தேன்.

இருபத்தொன்றரை காட்டியது.

நிலூக்கா மிஸ் பட்டியலைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். என்னை இறக்கச் சொல்லி மறுபடி ஏற்றச் சொன்னார். இருபத்தொன்றரை.

"மூன்றரை கிலோ கூடியிருக்கிறது," என்று சிங்களத்தில் சொன்னார். "குறைந்திருந்தால் காய்ந்துபோனது என்று எழுதலாம். கூடியதற்கு என்ன எழுதுவது?"

நான் புஷ்பத்தைத் திரும்பிப் பார்த்தேன். "என்னம்மா இது? பதினெட்டுன்னுதானே சொன்னேன்?"

"பதினெட்டுதாண்ணே! பதினெட்டு நிக்கணும்னா அவ்வளவு போடணுமில்ல?" என்றாள் புஷ்பம். எனக்கே இது தெரியாதா என்பதுபோலப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற பெண் அடித்துப் பேசினாள். "தோட்டத்துக் கொழுந்து மடுவத்துல நிறுத்தா சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பாங்க. தண்ணிக்கு ஒண்ணு, மழைன்னா ரெண்டு. முத்தல் இலைன்னு இன்னும் கொஞ்சம். அங்கயே அப்படின்னா கோர்ட்டுல எவ்வளவு கழிப்பீங்களோன்னு பயந்து போட்டோம்."

இவர்கள் வயதுக்கு வந்த நாளிலிருந்து கொழுந்து எடுப்பவர்கள். நிறுத்த நிறை முழுதும் ஒரு தராசில் அப்படியே நிற்கும் என்பதை அவர்கள் வாழ்க்கையில் ஒரு நாளும் கண்டதில்லை. கழிக்காத தராசு ஒன்று இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, இல்லையென்றால் எச்சரித்திருப்பேன். முத்திரை வைத்த சாக்கைப் பிரித்துக் கொஞ்சம் வெளியே எடுக்கவும் முடியாது. அதற்கு உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு வழக்கேடு அந்த நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். முதலாம் திகதிக்கு மூன்று நாள்.

நவரத்தினம் ஐயா தன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பேச்சுக்கு நடுவே அவர் தாள் இல்லாத இடத்தைப் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

நிலூக்கா மிஸ் பெண்களைக் காட்டி, "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். சாக்குக் கழிவு, தண்ணீர்க் கழிவு, முத்தல் கழிவு. அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். முகம் மாறியது.

"எங்கள் அப்பாவுக்குக் கம்பளைப் பக்கம் அரை ஏக்கர் இருக்கிறது," என்றார். "கொழுந்து லொறிக்காரன் வந்து நிறுப்பான். எங்களுக்கும் கழிப்பான். அம்மா எப்போதும் ஒரு கூடை கூடவே போட்டுவைப்பாள்."

"போட்டாலும் கழிப்பான்ல?" என்று புஷ்பம் சிங்களத்தில் கேட்டாள்.

"போட்டதற்கும் சேர்த்துக் கழிப்பான்."

இருவரும் சிரித்தார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க இடமில்லை என்பதுபோல நானும் நவரத்தினம் ஐயாவும் நின்றோம்.

நிலூக்கா மிஸ் பேனாவை எடுத்தார். பட்டியலில் மூன்று வரி எழுதினார். மொத்த நிறை இருபத்தொன்றரை. கழிவு மூன்றரை. தேறிய நிறை பதினெட்டு. கையெழுத்துப் போட்டார். நவரத்தினம் ஐயா குனிந்து வாசித்தார். கழிவு என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றார். அது வெள்ளைக்காரனின் நான்கு பக்கத்தில் இல்லை. ஆனால் அப்போது அது தாளில் இருந்தது. அவரும் கையெழுத்துப் போட்டார்.

பிணைக்காரர்கள் அன்று பின்னேரமே கையெழுத்து வைத்தார்கள். மறுநாள் மாலை லெட்சுமணன் சிறையிலிருந்து வந்து நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கியதாகச் சொன்னார்கள். முதலாம் திகதி காலைப் பெரட்டில் கவ்வாத்துக் கத்தியோடு நின்றான். பேர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்று அவன் சொன்ன சத்தத்தில் கணக்கப்பிள்ளை பென்சிலைக் கீழே போட்டுவிட்டார் என்று புஷ்பம் சொன்னாள். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

வழக்கு விசாரணை நான்கு மாதம் கழித்து வந்தது. நவரத்தினம் ஐயா அதற்குள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். என்னைச் சான்றுப் பொருளை ஒப்படைத்தவன் என்று புதிய நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கொழுந்து அப்போது இல்லை. நிலூக்கா மிஸ் முதல் வாரத்திலேயே நீதவானிடம் எழுத்தில் உத்தரவு வாங்கி அதை அழித்திருந்தார். பட்டியல் மட்டும் இருந்தது. சாட்சிக் கூண்டில் கணக்கப்பிள்ளை நின்றார். பின்வரிசையெல்லாம் தோட்டத்து ஆட்கள். தொழிற்சங்கத் தலைவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

லெட்சுமணனுக்குப் பேசியவர் ஓர் இளம் சட்டத்தரணி. இலவசமாக வந்தவர். வழக்கைப் பற்றி அவருக்கு அதிகம் தெரிந்ததாகத் தெரியவில்லை. பட்டியலை மட்டும் நன்றாக வாசித்திருந்தார்.

"இந்தச் சாக்கை நீங்க உங்க மடுவத்துல நிறுத்தீங்களா?"

"நிறுத்தேங்க. பதினெட்டு."

"கழிவு போட்டு பதினெட்டா, போடாம பதினெட்டா?"

கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தார். கழித்துத்தான் என்றால், தினமும் மூன்றரை கிலோ கழிப்பதை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து ஒத்துக்கொண்டவர் ஆவார். அதுவும் தலைவருக்கு முன்னால். தோட்டத்தில் சாக்கு நிறையைத் தவிர எதையும் கழிப்பதில்லை என்று தோட்டத்து மேலாளரான இப்போதைய துரை சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"கழிக்கலீங்க," என்றார்.

"கழிக்கலையா? அப்ப உங்க தராசுல பதினெட்டு இருந்த சாக்கு, கோர்ட் தராசுல எப்படி இருபத்தொன்றரை ஆச்சு?"

கணக்கப்பிள்ளை தலைவரைப் பார்த்தார். பின்வரிசையைப் பார்த்தார். கடைசியில் நீதவானைப் பார்த்துச் சொன்னார்.

"அப்படின்னா, இது அந்தச் சாக்கு இல்லைங்க ஐயா."

ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அந்த வழக்கில் ஒருவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். என்னையும் புஷ்பத்தையும் அவளோடு கொழுந்து கொண்டுவந்த பெண்களையும் தவிர அது அங்கே யாருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. சான்றுப் பொருள் அடையாளம் காட்டப்படவில்லை என்று நீதவான் லெட்சுமணனை விடுதலை செய்தார். எல்லாமாக இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் புஷ்பம் எங்கள் பழைய நீதிமன்றத்துக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு பார்சல் வடையும் கொண்டுவந்திருந்தாள். கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நேத்து மடுவத்துல எல்லாருக்கும் மூணரை கழிச்சாங்கண்ணே. முன்னெல்லாம் ரெண்டு, மூணுன்னு போகும். இப்ப ஒரே கணக்கா மூணரை. ஏன்னு கேட்டா, 'கோர்ட்டே மூணரை கழிச்சு எழுதியிருக்கு, நான் கழிச்சா என்ன'ங்கறாரு கணக்கப்பிள்ளை."

"அவருதானே அது அந்தச் சாக்கே இல்லைன்னாரு?"

"கேட்டேன். சாக்கு வேறயாம், கழிவு சரியாம்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் நீதிமன்றத்தில் இருந்தவனுக்கு வர வேண்டிய யோசனைதான் வந்தது. "சும்மா விடாதீங்க. எல்லாருமாச் சேந்து ஒரு கேஸ் போடுங்க," என்றேன்.

புஷ்பம் குடையை விரித்தாள். வெளியே போகப் போனவள் திரும்பி நின்று கேட்டாள்.

"எந்தக் கோர்ட்டுலண்ணே?"